காரமா, சாதாவா?

எனக்கும் சலூனுக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் தட்டிதான். முன்பு ஒரே கடையாக இருந்ததைக் கட்டடக்காரர் இரண்டாக அறுத்து, இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கிற எனக்கும் அந்தப் பக்கத்தை முடிவெட்டுகிற மாஸ்டருக்கும் விட்டார். தட்டி கூரை வரைக்கும் போகாது. அங்கே பேசுவது எனக்குக் கேட்கும், இங்கே மெஷின் முனகுவது அவருக்குக் கேட்கும். ஆகவே என்னை ஒட்டுக்கேட்கிறவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒட்ட வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை.

சத்தத்தோடு வாசனையும் வரும். பதினோரு வருஷமாக ஷேவிங் சோப்பு, பவுடர், ஈரத் துண்டு என்று வந்துகொண்டிருந்த வாசனையில், அந்த மழைக்காலத்தில் பூண்டு சேர்ந்துகொண்டது. முதல் நாள் யாரோ சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாளும் அதே நெடி. பொறுக்க முடியாமல் தட்டியைத் தட்டினேன்.

"என்ன மாஸ்டர், கடைக்குள்ள அடுப்பு ஏதும் வச்சிட்டீங்களா?"

"பூண்டுப்பா. பச்சையா மூணு பல்லு, வெறும் வயித்துல. உங்க அக்காவோட உத்தரவு."

அக்கா என்பது அவர் மனைவி. எனக்கு உடன்பிறந்தவர் இல்லை; ஆனால் இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவர் அக்காதான். மூன்று நிமிஷ நடையில் இருக்கிற மார்க்கெட்டில், உள்ளே நுழைந்ததும் இடதுபுறம், பூண்டும் காய்ந்த மிளகாயும் விற்கிறார். மாஸ்டருக்கு அப்போது இரண்டு கோளாறு. ஒரு வருஷமாக ரத்த அழுத்தம். மூன்று மாதமாக வலது தோள்பட்டை. அழுத்தத்துக்குப் பூண்டு, தோளுக்கு மிளகாய் என்று அக்கா முடிவு செய்திருந்தார். அவர் கடையில் இருந்த சரக்கும் அந்த இரண்டுதான். வேறு சரக்கு விற்றிருந்தால் வேறு மருந்து கிடைத்திருக்குமோ என்று ஒருமுறை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தோள்தான் பெரிய தொல்லை. முப்பது வருஷமாகக் கையைத் தூக்கியபடியே நின்று செய்த வேலை. அந்தக் கை இப்போது மார்புக்கு மேல் எழும்ப மாட்டேன் என்றது. மாஸ்டர் முதலில் நாற்காலியின் திருகைக் கடைசி வரை இறக்கிப் பார்த்தார். அப்புறம் மெத்தையைக் கழற்றினார். அப்புறம் வந்தவர்களைச் சரிந்து உட்காரச் சொன்னார். பேங்க் வாட்ச்மேன் ஆறடி ஆள். "மாஸ்டர், இன்னும் கொஞ்ச நாள் போனா என்னைக் குழி தோண்டி எறங்கச் சொல்லுவீங்க போல இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனவர் அடுத்த மாதம் எதிர்த்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் போனார்கள்.

மிச்சமிருந்தது ஷேவிங். அதற்குக் கை உயர வேண்டியதில்லை. ஆள் பின்னால் சாய்ந்தால் முகம் மாஸ்டரின் வயிற்றுக்கு நேரே வந்துவிடும். தலைகள் கைவிட்ட கடையைத் தாடைகள்தான் நடத்திக்கொண்டிருந்தன. அதுவும் போய்விட்டால் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மாஸ்டரே என்னிடம் சொல்லியிருந்தார். "அப்புறம் மார்க்கெட்ல போய் உங்க அக்காவுக்குத் தராசு பிடிக்கணும்."

இதை அக்காவிடம் சொன்னேன். "என் தராசை அவர் கையில யாரு குடுப்பா? பேச்சு சுவாரஸ்யத்துல கிலோவுக்கு ஒண்ணரைக் கிலோ போட்டுருவாரு" என்றார்.

பேச்சு என்றால் மாஸ்டருக்கு அப்படி. ஊரில் யார் வீட்டில் என்ன என்பதெல்லாம் கத்திரிச் சத்தத்தோடு கலந்து தட்டிக்கு மேலே வரும். பூண்டு வந்த பிறகு அது நின்றுபோயிற்று. முகத்துக்கு நேரே குனிந்து வேலை செய்கிறவர், வாயைத் திறந்தால் எதிராளி மூச்சை அடக்க வேண்டியிருந்தது. கிராம்பு மென்று பார்த்தார், ஏலக்காய் மென்று பார்த்தார். கிராம்பு வாசனையும் பூண்டு வாசனையும் சேர்ந்து வந்ததுதான் மிச்சம். கடைசியில் முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டார். மாஸ்க்குக்குள் அவர் பேசியது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த இரண்டு மாதம் எனக்கு ஊரில் ஒரு செய்தியும் தெரியாமல் போயிற்று.

எண்ணெய் காய்ச்சுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்தேன். மருந்துச் சீட்டுக்கு நகல் எடுத்ததைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில், ஓர் அறையும் ஒரு சமையலிடமும் உள்ள வீடு. படியேறும்போதே தும்மல் தொடங்கிவிட்டது. உள்ளே அடுப்பில் இரும்புச் சட்டி. சின்னத் தீயில் எண்ணெய். தட்டிப் போட்ட பூண்டு பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. அக்கா மிளகாயை ஒடித்து, விதையோடு, பிடி பிடியாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஜன்னலையாவது தெறங்கக்கா. உசுரு போகுது."

"இதுக்கேவா? இருபத்திரண்டு வருஷமா நான் இதுக்குள்ளதான் குடியிருக்கேன்."

"சொன்னா கேக்க மாட்டா" என்றார் மாஸ்டர் துண்டுக்குள்ளிருந்து. "மருந்துன்னா நெடி இருக்கணுமாம்."

"பின்ன? ஆஸ்பத்திரில குடுத்தாங்களே ஒரு களிம்பு, பூ வாசனையா. அதைத் தேச்சு என்ன கண்டீங்க?"

"அது தேய்க்கறதுக்கு மட்டும் இல்ல. விரலைச் சுவத்துல ஏத்தி எறக்கவும் சொன்னாங்க."

"ஏத்தினீங்களா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "வயசான மனுசன் சுவத்தத் தடவிக்கிட்டு நின்னா பாக்கிறவன் என்னப்பா நினைப்பான்?"

அக்கா கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து ஊதி ஆற்றி, தன் உள்ளங்கையில் விட்டு நன்றாகத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் தெரியல. உறைக்கவே இல்லையே" என்று சொல்லி இன்னும் இரண்டு பிடி போட்டார். நான் நகலைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கி ஓடினேன்.

ஆனால் எண்ணெய் வேலை செய்யாமல் இல்லை. தேய்த்த கால் மணி நேரத்தில் தோள் திகுதிகுவென்று சூடாகுமாம். அப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு வலி எங்கே போயிற்று என்று தெரியாதாம். "தோள் இருக்கறதே மறந்துடுதுப்பா" என்று மாஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார். மறந்த தோளோடு மூன்று பேருக்குத் தலைமுடியும் வெட்டினார். மறுநாள் கை இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அதற்கு மருந்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லைன்மேனுக்குக் கல்யாணம் வந்தது.

பின் தெருவில் இருக்கிற பையன். மின்கம்பம் ஏறுகிற வேலை. மீசை முளைத்த நாளிலிருந்து மாஸ்டரிடம்தான் முகத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்குத் தன் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். பதினோரு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். வெளியே தூறல். என் கடையில் ஈரக்காற்றுக்குத் தாள் நமுத்து, மெஷின் இரண்டு இரண்டாக இழுத்துக்கொண்டிருந்தது.

மழை நாளில் மாஸ்டருக்குத் தோள் மரக்கட்டை. வழக்கமாக அக்காதான் தேய்த்துவிடுவார். அன்றைக்குப் பூண்டு மூட்டை இறங்குகிறதென்று விடியும்போதே மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். மாஸ்டர் தானே தேய்த்துக்கொண்டார். கையைக் கழுவவில்லை என்று பின்னால் ஊர் சொன்னது பொய். நன்றாகச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். குழாய் ஓடியதை நானே கேட்டேன், எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிரஷ் எடுப்பதற்கு முன் இரண்டு கை விரலாலேயே நுரை போட்டு, மூன்று நான்கு நிமிஷம் கன்னத்தை நீவுவார். முடி மெத்தென்று ஆகிவிடும். அன்றைக்கு மாப்பிள்ளை முகமாயிற்றே என்று கூடவே நீவினார். ஒருமுறை மழித்தார். எதிர்வாக்கில் இன்னொரு முறை மழித்தார். படிகாரத்தை நனைத்துத் தடவினார்.

"லேசா எரியுது மாஸ்டர்."

"படிகாரம். அப்படித்தான் இருக்கும். தோலு இறுகுது."

"இல்ல மாஸ்டர், நல்லாவே எரியுது."

"கல்யாணத்துக்குன்னு ரெண்டு தரம் மழிச்சேன்ல, அதான். இரு, நீவி விடறேன்."

நீவினார். அதே விரல்களால், இரண்டு கன்னத்தையும், நிதானமாக, பாசத்தோடு.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் என் மெஷின் நின்றுவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் ஓடிப் பார்த்தபோது லைன்மேன் நாற்காலியில் இல்லை. கடைக்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். அவன் மாமா ஒரு வாளியோடு பின்னாலேயே ஓடித் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, போதும் மாமா. கழுத்துக்கும் எறங்குது மாமா."

மாஸ்டர் இரண்டு கையையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். இடது கை தலைக்கு மேலே இருந்தது. வலது கை மார்பளவோடு நின்றுவிட்டது. முகம் வெளிறிப் போயிருந்தது. "கழுவினேன்ப்பா, நல்லாக் கழுவினேன்ப்பா" என்று என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அப்புறம் கால் மட்டும் ஓடியது, மார்க்கெட்டை நோக்கி.

அக்கா வந்ததும் கடைக்குள் ஒருமுறை மூச்சை இழுத்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணிய நிறுத்துங்க முதல்ல. தண்ணிக்கு அது போகாது, பரவத்தான் செய்யும்" என்று மாமாவின் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி வெளியே வைத்தார். வரும் வழியிலேயே சமையல் எண்ணெயும் பால் பாக்கெட்டும் வாங்கி வந்திருந்தார். என்னிடம் சுத்தமான துணி கேட்டார். மெஷின் கண்ணாடி துடைக்க வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த துணியைக் கொடுத்தேன். எண்ணெயை நனைத்து, தன் விரல் படாமல் துணியால் மட்டும் ஒற்றி ஒற்றித் துடைத்தார். அப்புறம் சோப்பு. அப்புறம் குளிர்ந்த பாலில் நனைத்த துணி.

"கண்ணை மூடிக்கோ ராசா. கையக் கொண்டு போகாத. இப்ப எப்படி இருக்கு?"

"கரண்ட் அடிச்சாக்கூட ஒரு தடவை அடிச்சிட்டு விட்டுடும்க்கா. இது விடவே மாட்டேங்குது."

"விட்டுரும். கால் மணி நேரம். மண்டபத்துக்கு நேரம் இருக்கு."

கால் மணி அரை மணி ஆயிற்று. அவன் கிளம்பும்போது எரிச்சல் பெரும்பாலும் அடங்கியிருந்தது. சிவப்பு அடங்கவில்லை. மாஸ்டர் அவன் முன்னால் போய் நின்று, "மன்னிச்சிருப்பா" என்றார். பத்து வருஷமாக அந்த முகத்தைத் தன் கையில் வைத்திருந்தவர் அதைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கே கஷ்டமாக இருந்தது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளைக்கு என்ன இவ்வளவு வெட்கம் என்று பெண் வீட்டார் பூரித்துப் போனார்களாம். லைன்மேன் நல்ல பையன், கோபமெல்லாம் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. கம்பம் கம்பமாக ஏறி இறங்குகிறவன். கதையும் கம்பம் கம்பமாகப் போயிற்று. ஒரே வாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் மாஸ்டர் கடை திறக்கும்போது, "மாஸ்டர், ஷேவிங் என்ன இருக்கு? காரமா, சாதாவா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மாஸ்டரும் சிரித்தார். கேட்டவன் ஒருவனும் படியேறவில்லை.

மற்றவர்களைச் சொல்வானேன். நானும் போகவில்லை. வாரம் இரண்டு முறை தட்டியைச் சுற்றிப் போய் நாற்காலியில் சாய்கிறவன், சளி என்றேன், வேலை என்றேன், தாடி வளர்க்கிறதாக ஒரு யோசனை என்றேன். தாடி எனக்கு ஒத்துக்கொள்ளாது. அரித்தது. சொறிந்துகொண்டே வேலை பார்த்தேன்.

மறு வாரம் அக்கா கடையைச் சாத்திவிட்டு மாஸ்டரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சீட்டுகளின் நகலெல்லாம் என்னிடம் இருந்ததால் நானும் போனேன். தோள் பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயது. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். மாஸ்டரின் கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, நிற்கிற இடத்தில் நிறுத்தி, எழுதிக்கொண்டார்.

"சுவர்ல விரல் ஏத்தச் சொன்னேனே, செஞ்சீங்களா?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். அக்கா பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இதைத்தான்மா தேச்சேன். தப்புன்னா சொல்லிடுங்க."

டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி தொட்டு வைத்தார். மாஸ்டருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்துபோய்ப் பஞ்சால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கடையில விக்கிற வலி மருந்துலயும் இதே மிளகாய்ச் சத்து இருக்கும்மா. நீங்க ஒண்ணும் இல்லாததைச் செய்யல. ஆனா அதுக்கு ஒரு அளவு இருக்கு. இது தோலையே சுட்டுடும். எப்படி அளவு பார்த்தீங்க?"

"கையில தேச்சுப் பார்ப்பேன். எரிஞ்சா போதும்னு கணக்கு. எரியவே இல்லையேன்னு இன்னும் ரெண்டு பிடி போட்டேன்."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"மிளகாய் வியாபாரம்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டு அக்காவின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உங்க கை இதுல ஊறிப் போச்சும்மா. இதுக்கு இனிமே காரம் தெரியாது. உங்களுக்கு ஒண்ணுமே இல்லாதது, அவருக்கு நெருப்பு."

அக்கா தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல இருந்தது.

"இன்னொண்ணு. வலி மரத்துப் போச்சுன்னு அந்தக் கையால வேலை பார்த்தீங்கள்ல, அதான் தோள் இன்னும் இறுகிப்போச்சு. வலி தெரியாதது வேற, குணமாறது வேற." பிறகு பட்டையின் அளவைப் பார்த்தார். முகம் மாறியது. "என்ன இது, இவ்வளவு ஏறியிருக்கு? மாத்திரை சாப்பிடறீங்கதானே?"

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார்.

"தினம் பூண்டு குடுக்கறேன்மா" என்றார் அக்கா.

"பூண்டு சாப்பிடட்டும், நல்லதுதான். நான் கேக்கறது மாத்திரை."

"பூண்டு திங்கறோமே, அப்புறம் மாத்திரை எதுக்குன்னு..." என்று மாஸ்டர் இழுத்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. அவர்கள் முன் இருக்கையில், நான் பின்னால். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. மூன்று நிறுத்தம் போயிற்று.

"மாத்திரைய விடுங்கன்னு நான் சொன்னேனா?" என்றார் அக்கா.

"நீ சொல்லல."

"உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நானே குடுத்து நானே கொன்ன மாதிரிதானே ஆயிருக்கும்?"

"ஏன் அப்படிப் பேசற? இத்தனை மாசத்துல நான் நிம்மதியாத் தூங்கினது நீ தேச்சுவிட்ட நாள்லதான். அது எண்ணெயா, உன் கையான்னு எனக்குத் தெரியாது."

"கையப் பத்திப் பேசாதீங்க. அது எதுக்கும் ஆகாத கை."

"அதைச் சொல்ல டாக்டருக்கே உரிமை இல்ல, உனக்கு என்ன உரிமை?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இலேசாகக் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து தட்டியில் புதுச் சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று இரண்டு விரல் கீழிருந்து மேலே ஏறும். ஓரிடத்தில் நிற்கும். "ம்ம்ம்" என்று ஒரு முனகல். பிறகு இறங்கும். நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை. ஏறிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். காலையில் மாத்திரையை அக்காவின் எதிரில் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்க வேண்டும். பூண்டு சமையலோடு நின்றுகொண்டது. மாஸ்க் போயிற்று, பேச்சு திரும்பி வந்தது. ஆனால் கேட்க நாற்காலியில் ஆளில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன்தான். எண்ணெயை அக்கா புதிதாகக் காய்ச்சினார், மிளகாயைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து. டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்த பிறகுதான், இரவில் மட்டும், தேய்த்துவிட்டார்.

மூன்று வாரத்தில் கோடு காது உயரத்துக்கு வந்தது. தலைக்கு மேலே போக இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் கடை தாங்க வேண்டும். தாங்குகிற வழியாகத் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: "திங்கக்கிழமை கட்டடக்காரரைப் பாத்துச் சொல்லிடலாம்னு இருக்கேன்பா. நீ வேணா இதையும் எடுத்துக்க. பைண்டிங் மெஷின் போடணும்னு சொல்லிக்கிட்டிருந்தியே."

நான் அப்புறம் பேசலாம் மாஸ்டர் என்றேன். பைண்டிங் மெஷினை நினைத்தாலே எனக்குக் கசந்தது.

சனிக்கிழமை ஒரு பெரிய வேலை இருந்ததால் ஏழு மணிக்கே வந்துவிட்டேன். சலூன் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வாசலைத் தாண்டும்போது உள்ளே பார்த்தேன். மாஸ்டர் தொட்டிக்கு முன்னால் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் எண்ணெய் தடவித் துடைத்தார். பிறகு சோப்பு. பிறகு ஒரு பிரஷால் நகத்தடியெல்லாம் தேய்த்தார். பக்கத்தில் அக்கா. கழுவி முடித்ததும் அவருடைய இடது மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் பிடித்து, விரல்கள் இரண்டை, தன் வலது கண்ணை மூடி, இமையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அசையாமல் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"லேசா இருக்கு" என்றார் அக்கா. "ராத்திரி தூக்கத்துல தோளைத் தடவியிருப்பீங்க. இன்னொரு தரம் கழுவுங்க."

மறுபடி எண்ணெய், சோப்பு, பிரஷ். இந்த முறை இடது கண். வெகுநேரம் வைத்திருந்தார்.

"இல்ல. இப்ப சுத்தம்."

"தினமும் இப்படி வச்சுக்கிட்டிருந்தா ஒருநாள் ரெண்டும் போயிடப் போகுது."

"கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது. கண்ணுக்காவது தெரியுதே."

"யாரும்தான் வர்றதில்லையே. யாருக்காக இந்தப் பாடு?"

"வந்தா?" என்றார் அக்கா.

என் கால் தானாக உள்ளே போயிற்று என்று சொன்னால் அது பொய். ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றேன். மூன்று வாரமாக, நான் சளி என்றும் வேலை என்றும் சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொரு காலையும், நான் கடை திறப்பதற்கு முன்பே, தட்டிக்கு அந்தப் பக்கம் இது நடந்திருக்கிறது. எல்லாமே கேட்கும் என்று பெருமையடித்தவனுக்கு இது மட்டும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மாஸ்டர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "கட்டிங்காப்பா? பின்பக்கம் மட்டும்னா முடியும்."

"ஷேவிங்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அப்புறம் நாற்காலியைச் சாய்த்து, நுரையைக் கையில் எடுத்து, என் கன்னத்தில் வைத்து நீவத் தொடங்கினார். விரல்கள் சில்லென்று இருந்தன. அந்த வீட்டில் இப்படியாம், இந்தப் பேங்கில் அப்படியாம் என்று பேச்சும் தொடங்கியது. ஒருமுறை மழித்தார். எதிர்வாக்கில் இன்னொரு முறை மழித்தார். படிகாரம் தடவினார். வாசலில் யாரோ நிற்பது தெரிந்து சாய்ந்தபடியே பார்த்தேன். ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வாட்ச்மேன், ஆறடியையும் குனிந்துகொண்டு, நான் கத்துவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. அவர் தன் தாடையைத் தடவிக்கொண்டு, பெஞ்சில் கிடந்த பேப்பரை எடுத்து உட்கார்ந்தார்.

அக்கா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. கடை திறக்கிற நேரம் தாண்டியிருந்தது. சுவரோரமாக நின்று, சிவந்த கண்ணால் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எரியுதா?"

"எரியலக்கா."

"உண்மையச் சொல்லு."

"கொஞ்சம்கூட இல்லக்கா."

அதற்குப் பிறகுதான் தோளை உயர்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கடையைத் திறக்கப் போனார்.